வெடிக்குப் பயப்படாத நாயும் மங்கை மேடமும்

போன் வந்தபோது என் கையில் ஊசி இருந்தது. மேஜை மேல் ஒரு பக் நாய்க்குட்டி, தடுப்பூசிக்கு வந்தது, என்னைப் பார்த்ததுமே கண்ணை உருட்டிக்கொண்டு நடுங்கியது. ஸ்பீக்கரில் போட்டேன். மங்கை மேடத்தின் தம்பி சேகர். "டாக்டர், அக்கா காலைல போயிட்டாங்க" என்றார். ஊசியைப் போட்டு முடித்தேன். பாதியில் விட்டிருந்தால் மேடம் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மங்கையர்க்கரசி என்பது முழுப் பெயர். தி.நகரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கே.கே. நகரில் தம்பி குடும்பத்தோடு தனி வீடு, சுற்றிலும் கொஞ்சம் தோட்டம், அது முழுக்க ராஜபாளையம் நாய்கள். சென்னையில் நல்ல ராஜபாளையம் குட்டி வேண்டும் என்று யார் கேட்டாலும், நாய் வளர்ப்பவர்கள் கை காட்டுவது அந்த வீட்டைத்தான். கை காட்டிவிட்டு, "ஆனா குடுப்பாங்களான்னு தெரியாது" என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அடையாறில் நான் கிளினிக் திறந்த புதிதில் ஒரு தாய் நாயை அழைத்துக்கொண்டு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. என் பளபளப்பான ஸ்டீல் மேஜையைத் தட்டிப் பார்த்தார். "இதுமேல ஒரு ரப்பர் மேட் போடுங்க டாக்டர். நாய் வழுக்கினா பயப்படும், பயந்தா கடிக்கும், கடிச்சா நீங்க நாயைத் திட்டுவீங்க" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் இந்த அம்மா, எனக்குப் பாடம் எடுக்க? அன்று சாயங்காலமே மேட் வாங்கிப் போட்டேன், அது வேறு விஷயம். அன்று தொடங்கிய சண்டை இத்தனை வருடமும் ஓயவில்லை. எங்கள் நட்புக்கு அதுதான் பெயர்.

குட்டி வாங்க வருபவர்களை அவர் விசாரிக்கும் அழகை நேரில் பார்த்திருக்க வேண்டும். பெண் கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். மொட்டை மாடியில் கட்டிப் போடுவீர்களா? வெளியூர் போனால் யாரிடம் விடுவீர்கள்? உண்ணிக் காய்ச்சல் என்றால் என்னவென்று தெரியுமா? வடபழனியிலிருந்து சினிமாக் கம்பெனிக்காரர் ஒருவர் பெரிய காரில் வந்து இறங்கினார். மனைவியின் பிறந்தநாளுக்குத் திடீர்ப் பரிசாக ஒரு குட்டி வேண்டுமாம். மேடம் அவருக்குக் காபி கொடுத்து, "பிறந்தநாளுக்குப் பட்டுப்புடவை எடுத்துக் குடுங்க சார். புடவை ஹால்ல ஆய் போகாது" என்று அனுப்பிவைத்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் காபியைச் சிந்தினேன்.

ஒரு நாய்க்கு ஒரு முறை ஈன்ற களைப்பு தீரும் முன் மறுபடி இணை சேர்க்க மாட்டார். நெருங்கிய உறவில் சேர்க்க மாட்டார். இடுப்பெலும்பு எக்ஸ்ரே எடுக்காமல் சேர்க்க மாட்டார். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தவருக்கு ஒரே ஒரு பித்து இருந்தது. வெள்ளை. நாய் வெள்ளை வெளேரென்று பால் மாதிரி இருக்க வேண்டும், மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும், உடம்பில் ஒரு புள்ளி கூடாது. அதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வந்தார். அப்படிப் பிறந்தவன்தான் பூபதி. என் சர்வீஸில் அவ்வளவு அழகான ராஜபாளையத்தை நான் பார்த்ததில்லை. அடுத்த தலைமுறைக்கு அவன்தான் தகப்பன் என்று மேடம் முடிவே கட்டிவிட்டார்.

ஒரு தீபாவளி சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன், நாய்களுக்குப் படபடப்பு குறைய மருந்து கொடுக்க. தெருவில் வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. கட்டிலுக்கடியில் ரெண்டு, பாத்ரூமில் ஒன்று, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று என்று எல்லாம் பதுங்கிக்கிடந்தன. பூபதி மட்டும் ஹால் நடுவில் மல்லாந்து தூங்கினான். ஜன்னலுக்கு வெளியே ஒரு லட்சுமி வெடி வெடித்தது. நானே துள்ளினேன். அவன் காது மடல்கூட அசையவில்லை.

"பாத்தீங்களா டாக்டர்! சிங்கம்!" என்றார் மேடம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து பார்த்து வியந்துவிட்டுப் போயிருந்தார்களாம்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. "மேடம், அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன்.

"தூங்குறவனை எதுக்கு எழுப்பணும்?"

"கூப்பிடுங்க மேடம்."

கூப்பிட்டார். கத்திக் கூப்பிட்டார். கட்டிலுக்கடியிலிருந்து பூபதியின் தங்கைதான் எட்டிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துவந்தேன். தரையில் போட்டால் அதிர்வில் எழுந்துவிடுவான் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு, அவன் தலைக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஓங்கி அடித்தேன். வீட்டிலிருந்த அத்தனை நாயும் ஊளையிட்டது. பூபதி சுகமாகத் தூங்கினான்.

"இது தைரியம் இல்ல மேடம்" என்றேன். "காது கேக்கலை."

"கிளம்புங்க டாக்டர்" என்றார் அவர். கிளம்பினேன்.

பல நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மத்தியானம் கிளினிக்குக்கு வந்தார். தலையில் மெல்லிய ஒயர்களைப் பொருத்திக் காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அதைச் செய்து பார்த்துவிட்டே வந்திருந்தார். "ரெண்டு காதும் இல்ல" என்றார். "என் வீட்ல பொறந்தவன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

நாய்கள் நிறைந்த வீட்டில்தான் இது தெரியாமல் போகும். தட்டுச் சத்தம் கேட்டு மற்றவை ஓடும், அவற்றைப் பார்த்து இவனும் ஓடுவான். ஒற்றை நாயாக வளர்ந்திருந்தால் ஒரே வாரத்தில் பிடிபட்டிருப்பான். தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் காதுக்குள்ளும் இருக்க வேண்டும், அவை அங்கேயும் இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பு செத்துவிடும். அதை நான் சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் சுருங்கியது. "அப்போ வெள்ளை வெள்ளைன்னு இத்தனை வருஷமா நான் தேடினது இதைத்தானா?" என்று கேட்டார். பதில் அவருக்கே தெரிந்துவிட்டதே!

ஈக்காட்டுத்தாங்கலில் நாய் வியாபாரம் செய்யும் மணி விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். "இன்னா மேடம், காது கேக்காட்டி இன்னா இப்போ? அது பாட்டா கேக்கப் போவுது? கலரு சும்மா தகதகன்னு கீது. மேட்டிங் போட்டு வுடுங்க, குட்டியெல்லாம் நான் தள்ளி வுட்டுர்றேன்" என்றார். மணி கெட்டவர் அல்ல, ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார். காது கேட்காத குட்டியைச் சொல்லாமல் விற்பதும், விற்காவிட்டால் ஏதோ ஒரு சாலையோரம் இறக்கிவிட்டு வருவதும் இந்தத் தொழிலில் நடக்கிறது. அந்தக் கொடுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேடம் மறு வாரமே பூபதியையும் அவன் அப்பா அம்மாவையும் என்னிடம் கொண்டுவந்து கருத்தடை ஆபரேஷன் செய்யச் சொன்னார். அத்தனை வருட உழைப்பு அந்த ஒரு நாளோடு முடிந்தது. அதோடு விட்டாரா? குட்டி வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் போட்டார். மயிலாப்பூரில் ஒரு மாமி, "எங்காத்துல இது ரொம்ப சமத்து மேடம், காலிங் பெல் அடிச்சாக்கூட எழுந்துக்கறதில்ல" என்று பூரித்தாராம். மேடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். இன்னொருவர் வேறு குட்டி மாற்றிக் கொடு என்று சத்தம் போட்டார். "நீங்க வேணாம்னா நான் கூட்டிட்டு வந்துடுறேன் சார். மாத்திக் குடுக்க இது மிக்ஸி இல்ல" என்று பட்டென்று சொன்னார்.

பூபதிக்காக அவர் கைஜாடை பழகினார். உள்ளங்கையைக் காட்டினால் நில், தொடையைத் தட்டினால் வா. தெருவில் கயிறு இல்லாமல் ஒரு அடி விட மாட்டார். கேட்டில் ஒரு போர்டு மாட்டினார்: "காது கேட்காத நாய் உள்ளது. ஹாரன் அடித்துப் பயனில்லை. இறங்கி வரவும்." அந்தத் தெருவே அதைப் படித்துச் சிரித்தது.

பிறகு அவருக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை பலிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு நாய்க்கும் வீடு பார்த்தார். எல்லாவற்றுக்கும் கிடைத்தது. பூபதிக்கு மட்டும் அமையவில்லை. சேகரின் சின்னக் குழந்தை ஓயாமல் கேட்டைத் திறந்து மூடும், மேடம் இல்லாமல் அவனை அங்கே விட முடியாது. வந்தவர்களை எல்லாம் படுக்கையிலிருந்தபடியே விசாரித்துத் தள்ளினார். ஒரு நாள் நானே வாய்விட்டுக் கேட்டேன். "எங்கிட்ட விடுங்க மேடம்."

"நீங்க வேணாம்."

"ஏன், எனக்கென்ன குறைச்சல்?"

"நாயைப் பாத்தா உங்க கண்ணு மொதல்ல வியாதியைத்தான் தேடும். இவன் பேஷண்ட் இல்ல டாக்டர். இவன் பூபதி."

எனக்கு ரோஷமாகிவிட்டது. எழுந்து வந்தேன். அதுதான் நாங்கள் போட்ட கடைசிச் சண்டை. பூபதிக்கு ஒரு வீடு அமையாமலேயே அவர் போய்விட்டார்.

நான் போனபோது அவரை ஹாலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அழுகை, மேளம், வருவோர் போவோர். பூபதி பெட்டியின் பக்கத்திலேயே, மோவாயை அதன் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். யாராலும் அவனை நகர்த்த முடியவில்லை. "அக்கா பேசும்போதெல்லாம் இவன் இப்படித்தான் அவங்க மேல மோவாயை வெச்சுப்பான் டாக்டர்" என்று சேகர் விம்மினார். நானும் பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே மோட்டார் ஓடும் அதிர்வு விரல்களில் ஏறியது. அவனைப் பொறுத்தவரை மேடம் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மாலையில் மேடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததால் பூபதி கண்ணைத் திறக்கவில்லை. ஆண்கள் போன பிறகு பெட்டிக்காரர் வந்து ஸ்விட்சை அணைத்தார். பூபதி சட்டென்று தலையைத் தூக்கினான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவன் ஈறைப் பார்க்கவில்லை, நாடியைப் பார்க்கவில்லை மேடம், சத்தியமாகப் பார்க்கவில்லை. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையை இழுத்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவன் மோவாயை அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பூபதி இப்போது என் வீட்டில் இருக்கிறான். நீங்கள் வேண்டாம் என்றதை முதல் முறையாக மீறியிருக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள் மேடம்.