உரம் படாத புல்

காய்ந்த புல் உக்கி மண்ணாக எவ்வளவு காலம் எடுக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "இதுக்குமா கம்பஸ்ல பட்டம் குடுக்கிறாங்க?" என்று உம்மாவே கேட்டார்.

சிரிக்கிற விஷயமில்லை. காற்றில் நாம் மூச்சாக வெளிவிடும் காபனீரொட்சைட்டு கூடினால் புல் மளமளவென்று வளரும். ஆனால் அதில் சத்துக் குறைவு. அது உதிர்ந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குக் கறியில்லாத சோறு மாதிரி, லேசில் இறங்காது. அதே மண்ணில் யூரியா விழுந்தால் கறியும் வந்துவிடுகிறது. அப்போது என்ன நடக்கும் என்று பார்க்க நினைத்தேன்.

கம்பஸில் கூடுதல் வாயு விட்டு வளர்த்த புல்லையும் சாதாரணப் புல்லையும் காயவைத்து, நைலோன் வலைப்பைகளில் தைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். பாதிப் பைகளை என் கூடப்பிறந்த நானாவின் வெங்காயத் தோட்டத்து வரம்பில் வைத்தோம். அங்கே யூரியாவுக்குக் குறைவில்லை. மீதிக்கு உரமே படாத புல்தரை வேண்டும். எங்கள் கரையோரத்தில் அப்படி ஓரிடம் தேடி அலுத்துப்போனேன். கடைசியில் அகப்பட்டது மையவாடி. அடக்கம் செய்கிற இடத்தில் யார் உரம் போடப் போகிறார்கள்? பள்ளிவாசல் நிர்வாகமும் சம்மதித்தது. பெண்கள் உள்ளே போகும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நான் மதிலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல, நானாதான் பைகளை வைத்தார். வாப்பாவின் கபுறைச் சுற்றிப் புல் நன்றாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் அங்கேயே வைத்தார். வாப்பா மௌத்தாகி அப்போது ஒரு வருடமும் ஆகவில்லை.

மழைக்காலம் முடிந்து பைகளை எடுத்து நிறுத்துப் பார்த்தேன். மெதுவாக உக்க வேண்டிய மையவாடிப் பைகளில் சக்கைதான் மிஞ்சியிருந்தது. தோட்டத்துப் பைகளில்கூட அதைவிடக் கூடுதலாக மிச்சமிருந்தது. "அது உரமில்லாத நிலமில்ல பிள்ள, திரும்பச் செய்ய வேணும்" என்றார் கம்பஸில் என் ஆராய்ச்சியைப் பார்க்கிற சேர். பட்டம் தள்ளிப்போகிறது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நேரே தோட்டத்துக்குப் போய் நானாவைப் பிடித்தேன்.

"மையவாடியில யாரும் உரம் போட்டாங்களா?"

நானா தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தார். "நான்தான். ஒண்ட பைகள்ல படாமத்தான் போட்டன்."

"ஒங்களுக்கென்ன விசரா நானா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பச்சப் புல்லு அல்லாவத் துதிச்சு தஸ்பீஹ் செய்யும், கபுறுல இரிக்கிறவருக்கு அதால வேதன லேசாகும் எண்டு பள்ளி ஹஸரத் சொன்னாரு. ரெண்டு நாள் மழ விட்டா வெயிலுக்குக் காஞ்சி போகுது. அதான் இங்க போடக்குள்ள ஒரு புடி அங்கயும் கொண்டுபோறன்."

வாப்பாவை அடக்கிய ஜனாஸா அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். கல்நெஞ்சு என்று உம்மாவிடம் நான் குறைப்பட்டதுண்டு. கத்தத்தான் வந்திருந்தேன். அவரை அப்போது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"ஒண்ட படிப்பு கெட்டுப் போச்சா?" என்றார். "இனிப் போடல்ல."

பைகளை வேறெங்காவது வைத்துக்கொள்ளலாம். வாப்பா அந்த மதிலுக்குள்தான் இருக்கிறார்.

"போடுங்க நானா" என்றேன். "எண்ட பேருலயும் ஒரு புடி போடுங்க."