நிற்கிற கோடு

எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன் ஒரு கண் பரிசோதனை உண்டு. கட்டம் போட்ட லுங்கி ஒன்றைச் சுவரில் மாட்டி, பிள்ளையைப் பத்தடி தள்ளி நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்போம். நெசவுக்காரன் வீட்டுக்கு நெசவுக்காரனே டாக்டர். எழுபதுகளின் கடைசியில் என் மகளை அப்படி நிறுத்தினேன். ஐந்து வயது.

"படுத்த கோடா கீது நைனா."

"நிக்கிற கோடு?"

"இல்ல."

லுங்கியைக் குறுக்காகத் திருப்பி மாட்டினேன். அப்போதும் படுத்த கோடுதான் என்றாள். தறிக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்குக் கட்டம் தெரியாதா? விளையாடுகிறாள் என்று நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

என் மனைவி ஒரே திசையில் மட்டும் கோடு ஓடும் துணியை எடுத்து வந்தாள். கோடுகள் நிற்கும்படி பிடித்தால், "வெறும் துணி" என்றாள் மகள். படுக்கவைத்துப் பிடித்தால் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"புள்ள பொய் சொல்லலங்க. கண்ணுலதான் இன்னாவோ கோளாறு," என்றாள் மனைவி. குட்டிய கை எனக்குக் கூசியது.

மறுநாளே ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். கருவிழியின் வளைவில் கோணல், கண்ணாடி போட வேண்டும் என்றார் கண் டாக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார். பார்ப்பது கண் மட்டும் இல்லையாம். பின்மண்டையில், மூளையில், நிற்கிற கோட்டுக்கென்று சில செல்கள், படுத்த கோட்டுக்கென்று சில, சாய்ந்த கோட்டுக்கென்று சில இருக்கின்றனவாம். சிறு வயதில் ஒரு வகைக் கோடு தெளிவாகத் தெரியாமலே போனால், அதற்கான செல்கள் வேலை பழகாமலே நின்றுவிடுமாம். பூனைக்குட்டிகளைப் படுத்த கோடுகளுக்கு நடுவிலேயே வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு நிற்கிற கோட்டைக் காட்டினால் அவை கண்டுகொள்ளவே இல்லையாம்.

"அஞ்சு வயசுதானே, பழகிடலாம். ஆனா உறுதியா சொல்ல முடியாது," என்றார்.

கண்ணாடி வந்தது. போட்டதுமே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பினேன். "கொஞ்சூண்டு தெரியுது" என்றாள் மகள். ஒரு மாதம் கழித்தும் கொஞ்சூண்டுதான். எனக்குத் தறியில் மனம் நிற்கவில்லை. நெய்வதைவிட இழை அறுத்ததுதான் அதிகம். திருத்தணி மலையேறி, வேண்டிக்கொண்டு மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

"மொட்ட இருக்கட்டும். அவ கண்ணாடிய கழட்டாம பாத்துக்கங்க," என்றாள் மனைவி. அவளுக்கு என்னைவிடத் தைரியம்.

ஐந்தாம் மாதம் மறுபடி டாக்டரிடம் போக, திருத்தணி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம், இரும்புக் கம்பிகளை நெருக்கமாக நட்ட வேலி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, அந்தச் செவுத்த எப்போ இடிச்சாங்க?"

"எந்தச் செவுரு?"

"போன வாட்டி வந்தப்போ அங்க இருந்துதே, அது. இப்போ கம்பி கம்பியா கீது. அந்தாண்ட ஆடு மேஞ்சிகினு கீது பாரு!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் வாயால் கேட்கும்வரை பொறுக்க முடியவில்லை. அத்தனை பேர் பார்க்க, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.