மடியில் வைத்துக்கொண்டு போன வேப்பம்பூ

பிள்ளைகளே, பங்குனி பிறந்தால் எங்கட வீட்டு வளவில் நிற்கிற வேம்பு பூக்கும். மகளுக்குத் தும்மலும் தொடங்கும். அவளுக்குப் பதினொரு வயது. இந்த வருசம் மூச்சும் இழுத்தது.

மனைவியின் தமையன், என் மச்சான், கோடரியோடு வந்து நின்றார். "உந்த மரத்தைத் தறிச்சு விடு மச்சான். பிள்ளை பெரிசோ, வேம்பு பெரிசோ?"

மகள் ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்தாள். "எனக்கு ஒண்டுமில்லை மாமா." சொல்லி முடிக்க முதல் மூன்று தும்மல். மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளவில் இருக்கிற ஒரே நிழல் அது. எந்த மரத்தின் பூந்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரத்தத்தில் பார்க்கலாம் என டொக்டர் சொல்லியிருந்தார்.

"ரத்தம் பார்க்காமல் ஒருத்தரும் மரத்தில கை வைக்கிறேல்லை" என்று சொல்லிப்போட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பூவும் கொண்டுபோனால்தான் இரத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள் என்று நினைத்து, ஒரு பை நிறையப் பறித்தேன். ஓமந்தையில் பஸ் ஏறினோம். மகளுக்கு மட்டும் இருக்க இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து, அதிலேயே முகம் சாய்த்து, வவுனியா வரைக்கும் நித்திரை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற மிஸ் பைக்குள் எட்டிப் பார்த்தா. "என்ன ஐயா, வேப்பம்பூ வடகம் போடப் போறீங்களோ?"

விசயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "ரத்தம் மட்டும் போதும். கொழும்புக்கு அனுப்பினால் மரம் மரமாப் பார்ப்பினம்" என்றா. பிறகு மகளிடம், "பையை ஆர் வைச்சிருந்தது?"

"நான்தான் மிஸ்."

"தும்மினனீங்களோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒரு தும்மல்கூட இல்லை!

"அதை வைச்சு முடிவெடுக்காதேங்கோ. கையை நீட்டுங்கோ அம்மா."

ஊசி ஏறும்போது அவள் கண்ணை மூடவில்லை. "வேம்பு இல்லை, வேம்பு இல்லை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து நாளால் முடிவு வந்தது. வேம்புக்கு ஒன்றுமில்லை. சவுக்கு மரத்துக்குத்தான் ஒவ்வாமை அதிகம். "சவுக்கு எங்கை நிக்குது?" என்று டொக்டர் கேட்டார்.

"பள்ளிக்கூட வேலியில, என்ர வகுப்பு யன்னலுக்கு நேரே" என்றாள் மகள். அதுவும் அதே நாள்களில்தான் பூக்கிறது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

"அப்ப கோடரியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவமோ?" என்றார் மச்சான்.

"அதை வைச்சிட்டு வா" என்றேன்.

இருவரும் பள்ளிக்கூட அதிபரிடம் போய், டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டி, மகளின் இடத்தை மாற்றச் சொல்லிக் கேட்டோம். அவர் ஓம் என்றார். மகளின் கதிரையை யன்னலடியில் இருந்து தூக்கி, மற்றச் சுவரோரம் வைத்தது மச்சான்தான். மருந்தும் எடுக்கிறாள். தும்மல் இன்னும் இருக்கு. இழுப்பு இல்லை.