சக்கரம் அசைந்த நேரம்

விமானம் ஓட்டுகிறவர்களிடம் எத்தனை வருஷ அனுபவம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை மணி என்றுதான் கேட்பார்கள். உரிமம் வாங்குவதற்கே இருநூறு மணி வேண்டும். அதை எங்கிருந்து எண்ணுவது என்பதற்கும் விதி இருக்கிறது. கிளம்புவதற்காக விமானத்தின் சக்கரம் முதன்முதலில் அசைகிறதே, அந்த நேரத்தில் தொடங்கி, இறங்கி வந்து கடைசியாக நிற்கிற நேரம் வரைக்கும். நடுவில் வானத்தில் எவ்வளவு நேரம் இருந்தாய் என்பது அந்தக் கணக்கில் தனியாக வராது. இந்த ஒரு விதியில் புகுந்து என் பிழைப்பை நாறடித்தார்கள் பாவிகள்.

எங்கள் வீடு கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி. தாத்தா காலம் வரை அடுத்தவர் நெல் வயலில் கூலி வேலை. அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி இழுக்கிற மில்லில் ஷிப்ட் ஆள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பா என்றால் நைனாதான்.

பன்னிரண்டாவது முடித்ததும் அரசாங்க உதவியில் வடக்கே ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா சர்ச்சில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டார். எங்கள் சபையில் ஏதாவது நல்லது நடந்தால் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். "என் பொண்ணு பைலட் ஆயிட்டா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நைனா, ஆவல. சேரத்தான் போறேன்."

"நீ சும்மா இரு. அவருக்கு எல்லாம் தெரியும்."

அன்றிலிருந்து தெருவுக்கே நான் பைலட்டம்மா. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் என்னை நிறுத்தி, "ஏன்மே, மேல போவசொல்ல எங்க ஊட்டு மாடி தெரியுமா? துணி காயப் போட்டிருப்பேன், மழ வர்ற மாரி இருந்தா ஒரு போன் போடு" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரிப்புதான்.

பள்ளியில் வண்டிகள், அதாவது விமானங்கள், குறைவு, பிள்ளைகள் அதிகம். எல்லாருக்கும் இருநூறு மணி முடித்துக் கொடுத்து அனுப்பினால்தான் அடுத்த கூட்டத்தைச் சேர்க்க முடியும். அதற்கு அவர்கள் வைத்திருந்த வழி இதுதான். வண்டியைக் கிளப்பி, உருட்டிக்கொண்டு போய் ஓடுதளத்தின் முனையில் நிறுத்துவார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் இன்னொரு வண்டி, அதற்கு முன்னால் ஒன்று. ஓடுதளத்தில் மாடு படுத்திருக்கிறது என்பார்கள். காற்று சரியில்லை என்பார்கள். மாடு எழுந்து போன பிறகும் நிற்போம். அப்புறம் மேலே ஏறி ஒரு சுற்று, கீழே இறங்கி மறுபடியும் முனைக்கு வந்து வரிசையில் நிற்பது. சக்கரம் அசைந்தாயிற்று, கடைசியாக நிற்கவில்லை, ஆகவே எல்லாமே பறந்த மணி. யாராவது கேட்டாலும் விதியைக் காட்டிவிடலாம், பிடிக்க முடியாது.

உள்ளே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி வேகும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்து சீட்டில் பயிற்சி கொடுக்கிற சார் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் அவசரமில்லை. அவரும் ஒரு பெரிய விமானக் கம்பெனிக்குப் போகத் தன் மணியை ஏற்றிக்கொண்டிருந்தவர்தான். மேகத்துக்குள் போய்ப் பழக வேண்டிய நாட்களில் கூட, மேகம் இருக்கிறது, வேண்டாம் என்று கீழேயே நிறுத்தினார். மேகம் இல்லாத நாளில் மேகத்தை எங்கே போய்த் தேடுவது? ஒரு பெண் இதைச் சத்தம் போட்டுக் கேட்டாள். அடுத்த வாரத்திலிருந்து பறக்கிறவர்கள் பட்டியலில் அவள் பெயரே வரவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறுநாள் காலையில் பள்ளியை நடத்துகிற பெரிய சாரிடம் போய் நான்கு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நைனா, இங்க பறக்கவே உட மாட்றாங்க. முனையில கொண்டும்போயி நிறுத்திட்டு உக்காந்துக்கினே இருக்கோம்."

"வண்டி ஆப் பண்ணிட்றாங்களா?"

"இல்ல, எஞ்சின் ஓடிக்கினுதான் இருக்குது."

"மணி ஏறுதா?"

"ஏறுது."

"அப்பறம் இன்னா பாப்பா உனக்கு பேஜாரு? எங்க மில்லுல கரண்டு போச்சுன்னா, கம்பி காய்ச்சற ஃபர்னஸ் மறுபடியும் சூடாவற வரிக்கும் குந்திக்கினுதான இருக்கோம்? கார்டு பஞ்ச் அடிச்சாச்சு, ஷிப்டு ஓடுது. அதுக்குப் போயி சூப்பர்வைசராண்ட வம்பு வளத்தா நாளைக்கு கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். வாய மூடிக்கினு முடிச்சிக்கினு வா."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நெருப்புக் கம்பிக்கு முன்னால் நிற்கிற மனுஷனுக்கு, உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் ஏறுகிற நேரம்தான் மில் காட்டுகிற ஒரே இரக்கம். வாய் பேசியவர்கள் வேலை போய்த் தெருவில் நின்றதை அவர் கண்ணால் பார்த்தவர். ஒரு மணி நேரம் வெறுமையாகவும் ஓடும், அந்த வெறுமை பிற்பாடு ஆளையே விழுங்கும் என்று அவருக்கு யார் சொல்வது? எனக்கே அப்போது தெரியாது. மறுநாள் பெரிய சாரைப் பார்க்கப் போகவில்லை.

இருநூறு மணி முடிந்தது. உரிமம் வந்தது. நைனா இரண்டாம் முறை சாட்சி சொன்னார். அப்புறம் காத்திருப்பு. விமானக் கம்பெனிகள் ஆள் எடுக்கிறபோது முதலில் மணியைப் பார்ப்பார்கள், எழுத்துத் தேர்வு வைப்பார்கள், மனசைச் சோதிப்பார்கள், கடைசியில் சிமுலேட்டரில் உட்கார வைப்பார்கள். சிமுலேட்டர் என்பது தரையிலேயே நிற்கிற பொய் விமானம். உள்ளே எல்லாம் நிஜம் போலவே இருக்கும், ஆடும், சாயும். மற்றதையெல்லாம் நான் நன்றாகவே செய்து முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்குக் காலையில் அம்மா இட்லி கட்டிக் கொடுத்தாள். நைனா ஷிப்டுக்குப் போகிற வழியில் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

சோதித்தவர் நல்ல மனுஷர். பயப்படாதே என்று இரண்டு முறை சொன்னார். ஏறினேன், கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு மேகத்துக்குள் விட்டார். கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறம், வேறு ஒன்றும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் உடம்பு ஒன்று சொல்லும், முன்னால் இருக்கிற கருவியின் முள் ஒன்று சொல்லும். உடம்பை நம்பக் கூடாது, முள்ளைத்தான் நம்ப வேண்டும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கைக்குத் தெரியவில்லை. வண்டி இடது பக்கம் சாய்கிறது என்று முள் காட்டுகிறது, எனக்கோ நேராகப் போகிற மாதிரியே இருக்கிறது. ஒரு முள்ளைச் சரி செய்தால் இன்னொன்று ஓடிப்போகிறது. உயரம் இறங்குகிறது. நான் இழுக்கிறேன், வேகம் போகிறது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் குரல் கத்த ஆரம்பித்தபோது அவர் எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"எத்தனை மணி பறந்திருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருநூறு சார்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இருந்திருந்தால் தேவலை, பதிலுக்கு முறைத்திருப்பேன். பரிதாபம்தான் இருந்தது.

தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. மறுபடியும் கேட்க ஒரு வருஷம் ஆக வேண்டும். அதற்குள் மேகத்தில் ஓட்டுகிற தகுதி காலாவதியாகிவிடும். அதைப் புதுப்பிக்கப் பறக்க வேண்டும், வேறு இடத்தில் போய்ப் பறக்கக் காசு இல்லை. பழைய பள்ளிக்குப் போன் செய்தால், "வா, ரெண்டே நாள்ல முடிச்சிடலாம்" என்று இந்தியில் சிரிக்கிறான் ஒருத்தன். வாயில் வந்த தமிழையெல்லாம் கொட்டிவிட்டு வைத்தேன்.

தெருவில் ஆளாளுக்கு ஆறுதல். சர்ச் அம்மாக்கள் கர்த்தர் வேறு கதவைத் திறப்பார் என்றார்கள். மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு, நம்ம சாதி ஆளுங்கன்னா குடுக்க மாட்டானுங்க என்று. எங்கள் தெருவில் அது எத்தனையோ பேர் விஷயத்தில் உண்மை. சின்ன வயதிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். இந்த முறை அது உண்மை இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், தலை நிமிர்ந்து நடந்திருப்பேன்.

நைனாவும் அதையேதான் சொன்னார். முதல் ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டுச் சோற்றில் கை வைத்திருந்தார்.

"பேர பாத்ததுமே தெரிஞ்சிக்கினு இருப்பானுங்க பாப்பா. நீ உடாத. இது இல்லன்னா வேற கம்பெனி."

"அவங்க மேல தப்பு இல்ல நைனா. எனக்கு ஓட்டத் தெரியல."

"இருநூறு மணி ஓட்டினவளுக்கு ஓட்டத் தெரியாதா? இன்னா பேசற நீ?"

"ஓட்டல நைனா. பாதி நேரம் கீழ உக்காந்துக்கினுதான் இருந்தேன். மேகத்துக்குள்ள போனதும் எது நேரு, எது சாய்வுன்னே தெரியல எனக்கு."

அவர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"நெச வண்டியா இருந்திருந்தா?"

"உழுந்திருக்கும்."

"உள்ள எத்தினி பேரு இருப்பாங்க?"

"நூத்தி எம்பது பேரு இருப்பாங்க."

அம்மா தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றாள். பள்ளிக்காரனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நான்தானே வாயை மூடச் சொன்னேன் என்று அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்ப அவங்க செஞ்சது சரிதான் பாப்பா."

அத்தனை பேர் பொய் சொல்லித் தேற்றினார்கள், நீயும் ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மெயில் வந்த நாளில்கூட அழாதவள் அப்போது அழுதேன். அவர் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"வேற எந்த கம்பெனிக்கும் எழுதிப் போடாதம்மா."

நான் எழுதிப் போடவில்லை.