ஆந்தை கக்கிய உருண்டை

கோல சிலாங்கூர் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க ஆந்தை வளர்ப்பார்கள். மரங்களுக்கு நடுவே கம்பு நட்டு, உச்சியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால் அது தானே வந்து குடியேறிவிடும். எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலியைக் காட்ட இதைவிட நல்ல பொருள் எந்தக் கடையில் கிடைக்கும்?

பயிற்சி நூலைப் பார்த்து விடை எழுதுவதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சோதனை தொடங்கும் முன்பே முடிவை எழுதி வைத்திருக்கும், வாலுங்க! அதனால் பக்கத்தை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன்: கண்டது, நினைப்பது, கேள்வி. ஆந்தையைப் பற்றி நானே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்தார்கள், கையுறை போட்டு உருண்டையைப் பிரித்தார்கள், எலியின் மண்டையோட்டைக் கண்டு "ஐயே!" என்று அலறினார்கள். பிறகு எழுதினார்கள்.

உருண்டைகளைப் பொறுக்கி வந்த மாணவி, லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டுப் பெண். அவள் அப்பா தோட்டத்தில் குலை வெட்டியவர். சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார். அம்மா அவரோடு இருந்ததால் இவளை அப்பாவின் தங்கைதான் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அந்த அத்தை வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு.

"ஏன் டீச்சர், ஆந்தை கக்கினதையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாரச் சொல்றதுதான் படிப்பா? எங்கண்ணன் அங்க உசுருக்குப் போராடிக்கிட்டு கெடக்குறாரு. இவ பையில போட்டு வீட்டுல வச்சிருந்திருக்கா. அதத் தேடிக்கிட்டு சாயங்காலமானா ஆந்தை கூரைக்குப் பக்கத்துல வந்து கத்துது. எங்கண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவளாலதான்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பிள்ளைய வச்சிக்கிட்டு பேசற பேச்சா இது? நிறுத்துங்க லா."

அவர் போய்விட்டார். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, 'கண்டது' என்பதன் கீழ் எழுதினாள்: "நான் உருண்டையைக் கொண்டு வந்தேன். அதனால் அப்பா சாகப்போகிறார்."

நான் பக்கத்தில் குனிந்து, "ரெண்டையும் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். அவள் இரண்டாவது வரியை அழித்து, 'நினைப்பது' என்பதன் கீழ் எழுதினாள். 'கேள்வி' என்பதன் கீழ், "ஆந்தை கத்தினால் ஆள் சாவார்களா?" என்று எழுதினாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் சொன்னால் தலையாட்டுவாள். ஆனால் சாயங்காலம் கூரைப் பக்கம் அது கத்தும்போது நான் அங்கே இருக்கமாட்டேனே. "ஆந்தை கத்துதான்னு நீயே கேட்டு, அப்பா எப்படி இருக்காருன்னும் சேர்த்து எழுதிட்டு வா. வந்து எங்களுக்குப் படிச்சுக் காட்டு," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். இடையில் அவள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவள் எழுதியதே அவள்மேல் சாட்சி சொல்லிவிடுமே.

அதன்பின் காலையில் முதல் வேலை அவள் படிப்பதுதான். "நேற்று ஆந்தை கத்தியது. அப்பா கஞ்சி குடித்தார்." இன்னொரு நாள், "ஆந்தை கத்தியது. அப்பா போனில் என்னோடு பேசினார்." மற்ற பிள்ளைகளும் தங்கள் வீட்டுப் பக்கம் கத்தியதை எழுதிவர ஆரம்பித்தார்கள். அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடத் தொடங்கியது.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை அவள் வரவில்லை. அப்பா முந்தின நாள் பொழுது சாய்ந்தபோது போய்விட்டாராம். சாவு வீட்டுக்குப் போனேன். அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள், என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் ஏன் அந்த 'இல்லை'யை அன்றே சொல்லவில்லை என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

காரியம் முடிந்த பிறகு அத்தை அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். என்னிடம் ஏதோ சொல்ல வாசலிலேயே நின்றார். அதற்குள் அவள், யாரும் கூப்பிடாமலேயே எழுந்து நின்று படித்தாள்.

"கண்டது. அன்று பெரிய மழை. நானும் அத்தையும் ஜன்னல்கிட்டயே உட்கார்ந்திருந்தோம். ஆந்தை வரவில்லை. கத்தவில்லை. அப்பா இறந்துவிட்டார்."

'நினைப்பது' காலியாக இருந்தது. அதைத் தாண்டிக் கடைசிக்குப் போனாள்.

"கேள்வி. அப்படியென்றால் நான் இல்லைதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை செருப்போடு உள்ளே வந்துவிட்டார். பிள்ளைகளுக்கு முன்னால், அந்தச் சின்ன நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"நீ இல்லடி தங்கம். என் வாயில தீய வைக்க! நீ இல்லவே இல்ல."

அவள் அத்தையின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். 'இல்லை' என்று நானும் தலையசைத்தேன். அப்போதுதான் அழுதாள்.