மூணாவது கியரும் முருகேசு வண்டியும்

டீசல் போடும்போது பம்பு மீட்டரைப் பாக்காம வானத்தைப் பாக்குற அம்புட்டுப் பேரும் நம்ம சொந்தக்காரங்கதான். அவங்க கடைசியா வந்து விழுற இடம் எங்களை மாதிரி மெக்கானிக்குங்க பட்டறை. திண்டுக்கல் பேகம்பூர்ல பட்டறை வச்சிருக்கேன். "பாய், மைலேஜ் வரலை"ன்னு கேட்டுக் கேட்டே காது புளிச்சுப்போச்சு. ஆனா முருகேசு வண்டியை மட்டும் மறக்க முடியலை.

காத்து

முருகேசுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்துன பிக்கப்புலதான், கிணறு வத்துனப்புறம், அவரும் சம்சாரம் தங்கமணியும் திண்டுக்கல் மில்லுக்கு வேலைக்கு வாராங்க. 'சம்பளம் பூரா டீசலுக்கே போகுது, வண்டியை வித்துட்டு பைக்கு வாங்கு'ன்னு அவரோட அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. தங்கமணிக்கு முதுகுவலி, பைக்கு ஆகாது. வண்டி போச்சுன்னா அந்தம்மா தனியா மில்லு வேன்லதான் வரணும்.

மைலேஜ் வரலைன்னு ரெண்டு பேரும் பட்டறைக்கு வந்தப்ப, மொதல்ல டயரைப் பாத்தேன். நாலும் அமுங்கிக் கெடக்கு. எனக்கு வந்துச்சே கோவம்! "ஏன்யா, காத்து சும்மாதானே கெடைக்குது, அதுலயுமா கஞ்சத்தனம்?"னேன். அவரு தங்கமணி பக்கம் கண்ணைக் காட்டிட்டு மெதுவாச் சொன்னாரு: "காத்தக் கொறச்சாத்தானுங்க பாய், குழியில அவளுக்கு முதுகு அடிக்காம இருக்குது."

மணல் மூட்டை

திட்டிக்கிட்டே காத்தடிச்சு அனுப்புனேன். அடுத்த வாரமே வந்து நிக்கிறாங்க, மைலேஜ் முன்னைவிட மோசம். பின்னாடி படுதாவைத் தூக்கினா வரிசையா மணல் மூட்டை. "வீடு கட்டுறீங்களா?"ன்னேன். காத்தடிச்சதும் வண்டி குதிக்குதாம், அதுக்குப் பாரமாம்! லோடு அடிச்ச காலத்துல கூடுதலாச் சொருகுன ஸ்பிரிங் பட்டை அப்படியே இருக்கு. வெறும் வண்டி குதிக்காம என்ன செய்யும்? பட்டையைக் கழட்டி, மூட்டையையும் இறக்கினேன். தங்கமணி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லுச்சு: "இத மொதல்லயே செஞ்சிருந்தா, மணலுக்கும் சேத்து டீசல் ஊத்தியிருக்க மாட்டமுங்களே!"

மூணாவது கியர்

அப்பவும் பத்தலை. "மாசக் கடைசியில வண்டி பாக்க ஆள் வருதுங்க, எங்கய்யன் சொல்லிப்போட்டாரு"ன்னு முருகேசு மொகம் தொங்கிப்போச்சு. எனக்கு மனசு கேக்கலை. மறுநாள் காலையில ஒட்டன்சத்திரம் போயி, என் பைக்குல அவங்க பின்னாடியே வந்தேன்.

யா அல்லா! அம்புட்டு நல்ல ரோட்டுல மூணாவது கியர்லயே டீசலைக் குடிச்சு எஞ்சின் உறுமுது, வண்டி ஊருது. தென்னமட்டை ஏத்துன மொபெட்டு முந்திப் போகுது. உள்ள பாத்தா, தங்கமணி கையை ஆட்டி ஆட்டிப் பேசுது, இவரு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு. வழிமறிச்சு, "டாப் கியர்னு ஒண்ணு இருக்கே, அது அழகுக்கா?"ன்னு கத்திட்டேன். முருகேசு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. தங்கமணிதான் சொல்லுச்சு: "வீட்டுல மாமனாரு, மாமியா, மாடு, புள்ளைங்க. மில்லுல மெசினு சத்தம். நாங்க ரெண்டு பேரும் பேசறதுக்கு இந்த ரோடு மட்டுந்தானுங்க இருக்குது. டாப்புல போனா சீக்கிரமே மில்லு வந்துருமுங்க பாய்."

புளியமரம்

"அதே நேரத்துக்குக் கெளம்புங்க, டாப்புல வாங்க. மில்லுக்கு முன்னாடி புளியமரத்தடியில எஞ்சினை அணைச்சுட்டு, சங்கு ஊதுற வரைக்கும் பேசுங்க"ன்னேன். மாசக் கடைசியில முருகேசு போன் பண்ணாரு: "மைலேஜ் வந்துருச்சுங்க பாய், வண்டி பாக்க வந்த ஆள எங்கய்யனே திருப்பி அனுப்பிப்போட்டாரு!"

இதை வீட்டுல போய்ச் சொன்னதுதான் தப்பாப் போச்சு, இப்ப தெருமுக்குக் கடைக்குப் போறதுக்கும் எம் பொண்டாட்டி பைக்குல ஏறி உக்காந்துக்கிட்டு "மெதுவாவே போங்க"ங்குறா.