குளிப்பாட்டியவள் சொன்னது

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டப் பைறோஸாவை விட்டால் ஆளில்லை என்றிருந்த காலம் அது. அவள் கைப்பக்குவத்தைவிட வாய் திறவாமைக்கே மதிப்பு அதிகம். இறந்தவளின் உடம்பில் தழும்போ அடிபட்ட கன்றலோ எதைக் கண்டாலும் குளிப்பாட்டியவள் வெளியே சொல்லக்கூடாது. எத்தனையோ வீட்டு மானத்தை அவள் அப்படி வயிற்றுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கில் கொழும்புக்குள் பிளேக் வந்தது. நோயென்று தெரிந்தால் வீட்டாரை வண்டியில் ஏற்றி முகாமில் அடைப்பார்கள்; மையித்தைக் குளிப்பாட்டவும் விடமாட்டார்கள். தெரு காய்ச்சலை ஒளிக்கப் பழகிக்கொண்டது. வேறென்ன செய்யும் பாவம்?

அடுத்த வீட்டு றவூபின் மனைவி ஜவாஹிறா ஒரு விடியற்காலையில் மவுத்தானாள். பிள்ளை பெற்ற காய்ச்சல் என்றான் றவூப். பைறோஸா நம்பித்தான் திரைக்குள் போனாள். இடது கையைத் தூக்கித் தண்ணீர் வார்த்தபோது கக்கத்தில் முட்டையளவு கட்டி. பிளேக்கின் அடையாளம் அதுதான் என்று தெருவுக்கே தெரியும். திரைக்கு வெளியே பச்சைக் குழந்தை மடி மாறி மடி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

கபன் துணி சுற்றி முடிவதற்குள் சுகாதாரப் பரிசோதகர் ஒஸ்வால்ட் வாசலுக்கு வந்துவிட்டார். பறங்கியர், பொல்லாதவர் இல்லை. மையித்தைத் திறந்து பார்க்க அவருக்கு அதிகாரம் இருந்தது. கூடி நின்ற ஆண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, குளிப்பாட்டியவள் சொன்னால் போதும் என்றார். கட்டி ஏதும் இருந்ததா என்று கேட்டார். எல்லோரும் பைறோஸாவின் வாயைப் பார்த்தார்கள். றவூப் மட்டும் நிலத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தேயிருக்கிறது.

பைறோஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு புகுந்து மனிதரை அள்ளிப் போகிறவர்கள் மேல் எரிச்சல். தெரிந்துகொண்டே குழந்தையை ஊர் மடியில் விட்டவன் மேல் அதைவிட எரிச்சல்.

"ஓம், ஈந்திச்சி. கக்கத்தில."

"ராத்தா, மையித்தக் காட்டிக் குடுத்திட்டீங்களே" என்றான் றவூப்.

"மையித்துக்கு இனி ஒண்டும் வராது. புள்ளைக்கு வரும்."

மையித்தைத் தொட்டவள் என்று அவளையும் றவூப் வீட்டாரோடு அதே வண்டியில் ஏற்றினார்கள். முகாமில் றவூபின் தங்கை காய்ச்சலில் போனாள். குழந்தை தப்பியது. தெருவில் வேறெந்த வீட்டுக்கும் நோய் வரவில்லை.

திரும்பி வந்தவளை ஒருவரும் ஏசவில்லை. சாவு வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. இரண்டொரு வருடத்தில் றவூபின் உம்மா மவுத்தானபோது, ஒரு சுவருக்கு அப்பால்தானே, கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று பைறோஸா வெள்ளை உடுத்திக்கொண்டு காத்திருந்தாள். மட்டக்குளியிலிருந்து வேறொருத்தியை அழைத்து வந்தார்கள்.